மோகனராஜ் கொட்டிய சுரங்கம்

பாலிக் புலாவில் தங்கம் கிடைத்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னவர் ஹபீப் முகம்மது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். தே தாரேக்கை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறாரோ, செய்தியையும் அவ்வளவு உயரத்திலிருந்துதான் ஊற்றுவார். இரண்டிலும் நுரை நன்றாக வரும்.

“சேட்டலைட்ல பாத்துட்டாங்கண்ணே. ஜாதிக்கா தோட்டத்துக்கு அடியில. கம்ப்யூட்டரே சொல்லிருச்சாம், தொண்ணூத்தி நாலு பர்சன்ட்னு.”

“எது தொண்ணூத்தி நாலு பர்சன்ட்?”

“அதெல்லாம் யாரு கேட்டா? தொண்ணூத்தி நாலு லா. என் மவன் ஒரு பரீட்சையிலயும் வாங்குனதில்ல.”

பக்கத்து மேசைக்காரர் திருத்தினார். தங்கம் இல்லையாம், அருமண்ணாம். கைபேசிக்குள்ளே போடுவார்களாம். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே மூன்றாவது சேதியைச் சொன்னார். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு லோரி டிரைவர் இருக்கிறாராம். அந்தச் சுரங்கம் மொத்தமும் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

“பைத்தியமா?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் சொல்றாங்க. ஆனா எழுத்துல குடுத்திருக்காராம்.”

தங்கத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. அது வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு வருகிற ஆர்வம். ஆனால் ஒரு சுரங்கத்துக்கு எழுத்துமூலம் உரிமை கொண்டாடும் லோரி ஓட்டுநரைப் பார்க்காமல் இருந்தால் இந்தப் பத்திரிகைப் பத்தியை எதற்கு எழுதுகிறேன்? படகேறினேன்.

மாக் மண்டின் பட்டறை ஒன்றில் அவருடைய பாதங்களைத்தான் முதலில் சந்தித்தேன். மீதி உடம்பு ஒரு பழைய மண் லோரிக்கு அடியில் இருந்தது.

“பாலிக் புலாவ் சுரங்கம் உங்களோடதுன்னு சொல்றாங்களே?”

“ஆமா,” என்றன பாதங்கள். “இருநூத்தி அம்பது லோரி. நான்தான் கொட்டுனேன். இப்ப என்ன அதுக்கு?”

வெளியே வந்தவர் மோகனராஜ், வயது ஐம்பத்தெட்டு. இடது கை மாநிறம். முப்பது வருடத்துக்கு மேல் சன்னல் ஓரத்தில் வெயில் குடித்த வலது கை, வேறொரு ஆளிடம் இரவல் வாங்கியதுபோல் நல்ல கறுப்பு. பக்கத்து ஊரான பிறையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லோரி உதவியாள், இருபத்து மூன்றில் ஓட்டுநர். கல், மரம், செம்பனை எண்ணெய் எதையும் ஏற்றியதில்லை. மண் மட்டும்தான். மலையில் வெட்டிய மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோவதும், கடலோரத்தில் தோண்டிய சேற்றை வேறெங்கோ கொண்டுபோவதுமாக வாழ்க்கை ஓடியிருக்கிறது.

“பினாங்குல நீங்க எங்க நின்னாலும் அது யாரோ கொண்டாந்து கொட்டுன மண்ணு,” என்றார். “அந்தப் பெரிய மால் இருக்கே, அதுக்கு அடியில நான் இருக்கேன். பக்கத்து கொண்டோவுக்கு அடியில கொஞ்சம் இருக்கேன்.”

இவர் இயந்திரங்களை நம்பாதவர் என்று ஒரு பேர் உண்டு. வழி சொல்லும் கைபேசிக் குரலோடு வாக்குவாதம் செய்பவர். ஒருமுறை மருத்துவமனையில் சர்க்கரை அளக்கும் கருவியையே பொய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார். கருவிதான் சரி என்று தெரியவந்தபோது கால் விரல் ஒன்று போயிருந்தது. அவருடைய மனைவி தனலெட்சுமி இந்தக் கதையைக் கைவசம் வைத்திருக்கிறார், தேவைப்படும்போதெல்லாம் எடுப்பார். ஆக, மோகனராஜுக்கும் இயந்திரங்களுக்கும் நடந்த போட்டியில் அதுவரை இயந்திரங்களே முன்னணி.

இனிச் சுரங்கத்துக்கு வருவோம்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு பிறையில் பீங்கான் கழிவறைத் தொட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. இப்போது இல்லை, ஆகவே பெயரும் வேண்டாம். சரியாக வேகாத தொட்டிகளும் வீணான வெள்ளைக் களிமண்ணும் அங்கே மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. மோகனராஜ் அப்போது பாலிக் புலாவ் பக்கத்து மலைச்சரிவிலிருந்து செம்மண் ஏற்றிப் பிறைக்குக் கொண்டுவருவார். திரும்பிப் போகும்போது லோரி காலி. காலி லோரியைப் பார்த்தால் மண் வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர்களுக்குத் தூக்கம் வராது. “போறப்ப இந்த வெள்ளை மண்ண ஏத்திக்க. எங்கயாச்சும் கொட்டு,” என்று சொல்லிவிட்டார் அவருடைய குத்தகைக்காரர். எங்கயாச்சும். அந்தக் காலத்துச் சுற்றுச்சூழல் கொள்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

எங்கே கொட்டுவது என்று மோகனராஜ் யோசித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், பாலிக் புலாவில் ஒரு பெண் சாலை நடுவில் நின்று லோரியை மறித்தாள். பெயர் துளசி. அப்போது இருபத்தாறு வயது. நாலு ஏக்கர் ஜாதிக்காய்த் தோட்டத்தை மாத வாடகைக்கு எடுத்திருந்தாள். தோட்டத்தின் கடைசி மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சதுப்புப் பள்ளம். டெங்கி அதிகாரிகள் வந்து கரண்டியில் கொசுப்புழுவை அள்ளிக் காட்டி, அடுத்த முறை அபராதம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“அண்ணே, மண்ணு இருக்கா?”

“இருக்கு. ஆனா நல்ல மண்ணு இல்ல.”

“கொசு மூடுமா?”

“மூடும்.”

“அப்ப கொட்டுங்க. ஆனா ஒண்ணு. எல்லாம் கொட்டி முடிச்சதும் கடைசியா ஒரு லோரி நல்ல கறுப்பு மண்ணு குடுக்கணும். மேல பன்னெண்டு கன்னு வைக்கணும் நான்.”

“ஒரு லோரி என்ன, ரெண்டே தரேன்.”

மூன்று மாதம் கொட்டினார். பள்ளம் மூடியது, கொசு போனது, துளசி பன்னிரண்டு கன்றுகளைப் பையில் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அந்த வாரமே குத்தகைக்காரர் மோகனராஜைக் கடலோரம் தூர்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். நல்ல மண் லோரி வரவே இல்லை. கன்றுகள் பையிலேயே வேர் சுருண்டு செத்தன.

“மறந்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிரும். அந்தப் பக்கம் போறதயே விட்டுட்டேன்.”

வெறும் வெள்ளைக் களிமண்ணில் புல்லும் ஒழுங்காக முளைக்காது. கோபம் தீர்ந்தபின் துளசி அந்த இடத்தைத் தட்டிக் கெட்டிப்படுத்தி, ஜாதிக்காய் உலர்த்தும் களமாக்கிக்கொண்டாள். அறுபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம். இருபத்து நான்கு வருடம் அந்த வெள்ளைத் தரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வானமும் ஒருநாள் அதைப் பார்த்தது.

பார்த்தது ரூபினியின் இயந்திரம். ரூபினிக்கு இருபத்தெட்டு வயது. மோகனராஜ் மண் கொட்டிய காலத்தில் பாலர்பள்ளியில் இருந்தவள். இப்போது பீச் ஸ்ட்ரீட்டில், பழைய வங்கிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் உள்ள சிறு நிறுவனத்தில், செயற்கைக்கோள் படங்களிலிருந்து தரைமேல் உள்ள கனிமங்களைக் கண்டுபிடித்து வரைபடமாக்குகிறாள். எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து களிமண்ணை அடையாளம் காணும் அந்த அலுவலகத்தால், லிஃப்டைப் பழுதுபார்க்கும் ஆளைத்தான் மூன்று மாதமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் வேலை இதுதான். ஒவ்வொரு கனிமமும் சூரிய ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். வெள்ளைக் களிமண் விழுங்குவது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு சிறு துண்டு. செயற்கைக்கோளுக்கு அது தெரியும். பேரா மாநிலத்தில், பீடோர் பக்கம் உள்ள களிமண் குழிகளின் படங்களை ரூபினி இயந்திரத்துக்குக் காட்டி, இது களிமண், இது இல்லை, இது களிமண், இது இல்லை என்று ஆயிரக்கணக்கில் பழக்கினாள். பழகிய இயந்திரத்தைப் பினாங்கின் மேல் ஏவினாள். காடும் தோப்பும் மூடிய இடமெல்லாம் அதற்குப் பச்சைக் குருடு. வெறுந்தரை தெரிந்த இடத்தில்தான் பார்வை. பாலிக் புலாவில் ஆறே ஆறு கட்டங்கள் பளிச்சென்று எரிந்தன. ஒரு கட்டம் இருபது மீட்டர். இயந்திரத்துக்கு நம்பிக்கை தொண்ணூற்று நாலு விழுக்காடு.

ஆறு கட்டம் ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும்வரை ஆறு கட்டம்தான். சோமு என்ற நிலத் தரகர் கையில் சிக்கியதும் அது மலையாகிவிட்டது. மேலே வெள்ளைக் களிமண் தெரிந்தால் அடியில் அருமண் நிச்சயம் என்றார் சோமு. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ. கோலாலம்பூரில் இருக்கும் நில உரிமையாளர் பழனியப்பனுக்குத் தொலைபேசினார். பாலிக் புலாவில் தனக்கு இன்னும் நிலம் இருப்பதே பழனியப்பனுக்கு அன்றுதான் ஞாபகம் வந்ததாம். மறுவாரம் துளசிக்குக் கடிதம் போனது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அறுபத்து நான்கு மரங்கள், காய் ஊறவைக்கும் கொட்டகை, இருபத்தைந்து வருட வாழ்க்கை, எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு வரி.

இப்போது ஐம்பது வயதாகும் துளசி அழவில்லை. களத்திலிருந்து ஒரு கட்டி வெள்ளைக் களிமண்ணைப் பெயர்த்து, காலி மைலோ டின்னில் போட்டு, பஸ் பிடித்து, படகேறி, விசாரித்து விசாரித்து இந்தப் பட்டறைக்கே வந்துவிட்டாள். டின்னை லோரியின் முன்பக்கத்தில் ‘ணங்’ என்று வைத்தாள்.

“இது உங்க மண்ணு. எடுத்துக்கங்க.”

மோகனராஜ் இருபத்து நான்கு வருடம் கழித்து அவளைப் பார்க்கிறார். “துளசியா?”

“துளசிதான். ஒங்க குப்பைய பாத்துட்டு சுரங்கம்ங்கறானுங்க. என்னைய வெளிய போங்கறானுங்க. ஒங்க வாயால போயி சொல்லுங்க, இது என் குப்பைன்னு.”

மறுநாள் காலை மோகனராஜ் டின்னோடு பீச் ஸ்ட்ரீட் போனார். லோரியிலேயே போனார். அந்தத் தெருவில் மண் லோரி நிறுத்தினால் சம்மன் கிடைக்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். “என் மண்ண பத்தி பேச என் லோரியிலதான் போவேன்,” என்றாராம்.

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவருக்கு ரூபினி தண்ணீர் கொடுத்தாள். டின்னைத் திறந்து பார்த்தாள்.

“அங்கள், இது வெள்ளைக் களிமண்ணா இல்லையா?”

“களிமண்ணுதான்.”

“அப்ப மெஷின் கரெக்டாதானே சொல்லியிருக்கு?”

“கரெக்டு. யாரு இல்லன்னா? அது என்ன மண்ணுன்னு சொல்லுது. எப்படி வந்துச்சுன்னு சொல்லுதா? அது லோரில வந்த மண்ணும்மா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்.”

ரூபினி எழுந்துபோய் மேலாளரை அழைத்துவந்தாள். அவரிடம் இதற்குப் பதில் இருந்தது. மேலாளர்களிடம் எப்போதும் இருக்கும். “அங்கள், இது நைன்ட்டி ஃபோர் பர்சன்ட் அக்யூரசி,” என்றார் சிரித்துக்கொண்டே.

“நான் நூறு பர்சன்ட் தம்பி. ஸ்டியரிங்க புடிச்சவன் நானு.”

“அப்ப எழுதிக் குடுங்க. எந்த வருஷம், எத்தன லோரி, யாரு கொட்டுனது, ஐசி கார்டு நம்பர், எல்லாம். பெர்மிட் இல்லாம கொட்டுனீங்கன்னும் எழுதணும்.”

அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துத்தான் மேலாளர் சிரித்திருக்கிறார். மோகனராஜின் லோரி அனுமதி அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சட்டவிரோதமாகக் கழிவு கொட்டினேன் என்று கையெழுத்துப் போட்டவனுக்கு யார் அனுமதி தருவார்கள்? அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மோகனராஜ் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினார். லோரியில் சம்மன் ஒட்டியிருந்தது.

அன்று மாலை தனலெட்சுமி சர்க்கரைக் கருவிக் கதையை எடுத்தார்.

“மெஷினோட மல்லுக்கு நின்னு ஒரு வெரல் போச்சு. இப்ப லோரியும் போவணுமா? இருவத்தி நாலு வருஷமா வாய மூடிட்டுத்தானே இருந்தீங்க? இன்னும் கொஞ்சம் மூடிக்கிட்டு இருங்களேன்.”

“அன்னிக்கு மெஷின் சரி, நான் தப்பு,” என்றார் மோகனராஜ். “இன்னிக்கு மெஷினும் சரி, நானும் சரி. சுத்தி நிக்கறவனுங்கதான் தப்பு. இவனுங்களுக்கு பயந்து என் மண்ண எவனோட மண்ணுன்னு சொல்லச் சொல்ற?”

மறுநாள் மறுபடி பீச் ஸ்ட்ரீட். மறுபடி லோரி. மறுபடி சம்மன். தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். கொட்டியவர் என்ற இடத்தில் தன் பெயரை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார். அந்தத் தாளை நான் பார்த்தேன். மூன்றாவது மோகனராஜ் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் இறங்கி நிற்கிறார்.

தாளைக் கோப்பில் போட்டு மூட மேலாளர் தயார். ரூபினியால்தான் அது முடியவில்லை. அன்றிரவு அவள் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை பினாங்கின் மேல் வரும். மேகம் இல்லாத நாள் படமெல்லாம் அவளிடம் இருந்தது. அதில் ஒரு விசித்திரம். சில நாள் ஆறு கட்டமும் எரிகிறது. சில நாள் நாலுதான் எரிகிறது, இரண்டைக் காணவில்லை. முதலில் அதைப் படக்கோளாறு என்று ஒதுக்கியிருந்தாள். சுரங்கம் இப்படி வந்து வந்து போகுமா?

துளசிக்குத் தொலைபேசினாள்.

“அக்கா, போன மார்ச்சு ஒன்பதாம் தேதி அந்த எடத்துல என்ன பண்ணீங்க?”

“இரு, காலண்டர பாக்கறேன். ஆங், காய் காயப் போட்டேன். நீல கென்வாஸ விரிச்சு.”

“மே பதினெட்டு?”

“அன்னிக்கும்தான். நீ யாரும்மா? எங்க ஜாதிக்காய மேலருந்து எண்ணிக்கிட்டு இருக்கியா?”

இரண்டு கட்டம் காணாமல்போன தேதிகள் பதினான்கைக் கேட்டாள். பன்னிரண்டில் கென்வாஸ் விரித்திருந்தது. மறுநாள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். அது யாரோ உலர்த்தும் களம், தோண்டிப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மேலே இருந்து பார்ப்பதுதான் நம் வேலை, தோண்டுவது இல்லை என்றார் மேலாளர். “அப்ப நீங்களே சைன் பண்ணுங்க பாஸ்,” என்றாள். மேலாளர் பண்ணவில்லை. ஒரு சனிக்கிழமை காலை தோண்டுவதென்று முடிவானது.

பழனியப்பன் கோலாலம்பூரிலிருந்து வெள்ளைக் காலணியில் வந்தார். சோமு குடை பிடித்தார். ரூபினி, தரையில் வைத்தால் மண்ணின் ஒளியை அளந்து சொல்லும் கைக்கருவியோடு வந்தாள். துளசி ஒரு மண்வெட்டியோடு நின்றாள். மோகனராஜ் இன்னொன்றோடு.

“ரெண்டடி,” என்று அறிவித்தார் மோகனராஜ். “ரெண்டடியில வெள்ளை முடியும். அதுக்குக் கீழ கறுப்புச் சேறு. எழுதிக்கங்க.”

இரண்டடியில் வெள்ளை. ரூபினி கருவியை வைத்துப் பார்த்து, “களிமண்” என்றாள். மூன்றடியில் வெள்ளை. சோமு பழனியப்பனின் காதில் ஏதோ சொன்னார். பழனியப்பன் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. நாலடியிலும் வெள்ளைதான். மோகனராஜின் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. இவ்வளவு ஆழமாகவா கொட்டினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார்.

“என்ன மிஸ்டர் மோகன்?” என்றார் சோமு. “உங்க லோரி பூமிக்குள்ள எவ்வளவு தூரம் ஓடும்?”

“அண்ணே,” என்றாள் துளசி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. “பள்ளம் என் உசரம். மறந்துட்டீங்களா? என்னைய பாத்து அளந்துதானே கொட்டுனீங்க? நிறுத்தாம வெட்டுங்க.”

வெட்டினார். இன்னும் அரையடி போனதும் மண்வெட்டி எதிலோ மோதி நல்ல பீங்கான் சத்தம் கேட்டது. மோகனராஜ் குனிந்து கையாலேயே தோண்டி வெளியே எடுத்தார். பாதிக் கழிவறைத் தொட்டி. அடியில் தொழிற்சாலையின் முத்திரை. மண்ணைத் துடைத்து, இரண்டு கையிலும் ஏந்தி, கோயில் பிரசாதம் தருவதுபோல் பழனியப்பனிடம் நீட்டினார்.

“இந்தாங்க. உங்க அருமண்ணு.”

துளசி சிரித்த சிரிப்பு பக்கத்துத் தோட்டம்வரை கேட்டதாம். தொட்டிக்குக் கீழே அரையடியில் வெள்ளை முடிந்து கறுப்புச் சேறு வந்தது. பழைய ஜாதிக்காய் ஓடுகள் அதில் மக்கிக் கிடந்தன. ரூபினி கருவியைச் சேற்றில் வைத்தாள். களிமண் கோடு திரையில் இல்லை. “ஐந்தடி. அவ்வளவுதான். சுரங்கம் இல்லை,” என்று எழுதினாள். ‘இல்லை’ என்ற சொல்லை எழுதும்போது சோமு குடையோடு காருக்குப் போய்விட்டார். பழனியப்பன் வெயிலில் நின்றார்.

வெயிலில் நின்றவருக்கு ஒரு கேள்வி தோன்றியது. நியாயமான கேள்விதான்.

“இது எங்க அப்பச்சி வாங்கிப் போட்ட இடம். இதுல குப்ப கொட்ட யாரு அனுமதி குடுத்தா?”

“யாரும் குடுக்கல,” என்றார் மோகனராஜ். “நான்தான் கொட்டுனேன். எழுதியும் குடுத்துட்டேன். கேஸ் போடுறதா இருந்தா போடுங்க, பேர்ல எழுத்துப்பிழை இல்லாம போடுங்க.”

“நான்தான் கொட்டச் சொன்னேன்,” என்றாள் துளசி. “என் மேலயும் சேத்துப் போடுங்க. இருவத்தஞ்சு வருஷமா மாசம் தவறாம வாடக அனுப்பறேன். ஒரு நாளு இந்தப் பக்கம் வந்து பாத்திருக்கீங்களா? மேலருந்து சேட்டலைட் சொன்னாத்தான் உங்களுக்கு உங்க நிலம் தெரியுமா?”

பழனியப்பன் குழியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். களிமண் அப்பிய தன் காலணியையும் பார்த்தார். “சரி. இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கங்க,” என்றார்.

“ஜாதிக்கா மரம் காய்க்க ஏழு வருஷம் ஆவும். ஒரு வருஷத்துக்கு நான் கீரையா வைக்கப் போறேன்? ஏழு வருஷம். எழுத்துல.”

ஐந்து என்றார் அவர். ஏழு என்றாள் அவள். அரை மணிநேரம் கழித்து, ரூபினியின் குறிப்பேட்டில் கிழித்த தாளில், அவர் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வழக்கறிஞர் மூலமும் வந்துவிட்டது. பாதித் தொட்டி இப்போது தோட்ட வாசலில், சாலையைப் பார்த்தபடி நிற்கிறது. அதில் துளசி கறிவேப்பிலை வைத்திருக்கிறாள்.

ரூபினியைப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. இயந்திரத்துக்கு அவள் ஒரு புதிய வகை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாறையிலிருந்து வந்த களிமண், லோரியிலிருந்து வந்த களிமண். பின்னதற்கு முதல் பாடம் அந்த ஆறு கட்டம். இப்போது இயந்திரம் பிறையிலும் தீவிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டுகிறது. ஒவ்வொரு படத்தையும் அவள் மோகனராஜுக்கு அனுப்பி, “அங்கள், இது உங்களோடதா?” என்று கேட்கிறாள். ஒன்பது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு படத்தைப் பார்த்து மட்டும் கோபம் வந்துவிட்டதாம். “இப்படிக் கோணலா கொட்ட நான் என்ன நேத்து லைசன்ஸ் எடுத்தவனா? இது வேற எவனோ.”

தங்கம் இல்லை, அருமண் இல்லை, களிமண்ணும் அங்கே பிறந்தது இல்லை என்று ஹபீப் முகம்மதுவிடம் திரும்பிவந்து சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உங்களையும் வாங்கிட்டாங்களாண்ணே?”

மோகனராஜின் லோரி அனுமதி, எதிர்பார்த்தபடியே, விசாரணைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அந்த லோரி பட்டறையில் நிற்கிறது. அதனால்தான் ஓடாத லோரிக்கு அடியில் தினமும் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருக்கிறார். விசாரணை அதிகாரி, “ஏன் இப்ப வந்து சொல்றீங்க?” என்று கேட்டாராம். “நீங்க இப்பத்தானே பாத்தீங்க?” என்றாராம் இவர். இது அனுமதி வாங்க உதவும் பதில் அல்ல என்று தனலெட்சுமி கருதுகிறார். நானும் அப்படியே கருதுகிறேன். அவர் கருதவில்லை.

துளசி குழியை மூடிவிட்டு, களத்தில் பன்னிரண்டு நடுகுழி வெட்டிவைத்திருக்கிறாள். ஒரு செயற்கைக்கோள் கட்டத்துக்கு இரண்டு மரம். பன்னிரண்டு கன்றுகளும் பையில் வந்துவிட்டன. நல்ல கறுப்பு மண் ஒரு லோரிதான் பாக்கி. வேறு யாருடைய லோரியிலாவது அனுப்பிவிடுங்களேன் என்று மோகனராஜிடம் கேட்டேன். முறைத்தார்.

“சொன்னது நானு. என் லோரிலதான் போவும்.”

நான் கிளம்பும்போது அவருடைய கைபேசியில் துளசியின் குரல் பதிவு வந்தது. வாரம் ஒன்று வருமாம். சத்தமாக வைத்துக் கேட்டார்.

“அண்ணே, கன்னு என் முழங்கால் உசரம் வந்துருச்சு. பையி கிழிய ஆரம்பிச்சிருச்சு. மண்ணு எங்க?”

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மைலோ டின்னை முன்கண்ணாடி ஓரத்தில் நேராக நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடி லோரிக்கு அடியில் போய்விட்டார்.